தொண்ணூற்றொன்பது ஆட்டை யார் பார்த்துக்கொண்டார்கள்?

அன்புள்ள அம்மிணிக்கு,

மே மாதம் காரமடை சர்ச்சில் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதப்பள்ளியில் வகுப்பெடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதே நேரத்தில் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப்பும் கிடைத்திருக்கிறது, எதற்குப் போகட்டும் என்று கேட்டிருக்கிறாய். உங்கப்பா இன்டர்ன்ஷிப் என்கிறாராம். நான் என்ன சொல்வேன் என்று தெரிந்துகொண்டேதான் என்னிடம் கேட்டிருக்கிறாய், கள்ளி.

வி.பி.எஸ். பத்தே நாள்தான், அதுவும் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். பத்து நாள் தள்ளிச் சேரலாமா என்று கம்பெனியில் முதலில் கேட்டுப் பார். கேட்காமலே முடியாது என்று முடிவு கட்டாதே. கம்பெனி வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் அவர்கள் எதைக் கொடுப்பார்கள்? ஒரு எக்செல் ஷீட். அதையும் இன்னொருவர் சரிபார்ப்பார். இங்கே முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு முப்பது பிள்ளைகளை உன்னிடம் விட்டுவிட்டு டைரக்டர் அடுத்த வகுப்பைப் பார்க்கப் போய்விடுவார். பன்னிரண்டு மணி வரை அந்த முப்பது பேருக்கும் நீதான் பொறுப்பு. இந்த வயதில் இப்படியொரு பொறுப்பை உன்னை நம்பிக் கொடுக்கிற இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

வி.பி.எஸ். வளர்ந்ததே உன்னைப் போன்றவர்களை நம்பித்தான். 1898இல் நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில் எலைசா ஹாஸ் என்ற அம்மையார், கோடையில் தெருவில் திரிந்த பிள்ளைகளுக்கு வேதப்பள்ளி நடத்த ஒரு பீர்க்கடையை வாடகைக்குப் பிடித்தார். (நம் சபைக் கமிட்டியில் சொல்லிப் பார், அன்றைக்குக் கூட்டமே நடக்காது.) 1901இல் ராபர்ட் போவில் என்ற பாப்டிஸ்ட் ஊழியர் அதைப் பல இடங்களுக்குக் கொண்டுபோனார். கோடையில் பூட்டிக் கிடந்த ஆலயங்களைத் திறந்து, விடுமுறையில் சும்மா இருந்த இறையியல் மாணவர்களை ஆசிரியர்களாக நிறுத்தினார். அனுபவசாலிகளுக்காக அவர் காத்திருக்கவில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். உனக்கு வரப்போகிற கதைகளில், நூறு ஆட்டில் தொலைந்த ஒன்றைத் தேடி மேய்ப்பன் போகிற காணாமல்போன ஆடு கட்டாயம் இருக்கும். புத்தகத்தைப் பார்த்து வாசித்தாயோ, மூன்றாவது வரியில் பின்வரிசை சண்டை போட ஆரம்பித்துவிடும். மேய்ப்பனுக்கு ஒரு நடை, ஆட்டுக்கு ஒரு குரல் என்று முந்தின ராத்திரியே பழகிக்கொண்டு போ. ஒருமுறை நான் அந்தக் கதையை உருக்கமாகச் சொல்லி முடித்து, ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். வெள்ளியங்காட்டுப் பக்கத்திலிருந்து பாட்டி வீட்டுக்கு வந்திருந்த ஒரு பொடியன் எழுந்து, “ஏனுங்க்கா, அந்தத் தொண்ணூத்தொம்பது ஆட்டையும் ஆருங்க பாத்துக்கிட்டாங்க?” என்றான். ஆடு மேய்க்கிற வீடு. லூக்கா சுவிசேஷத்தில் அவற்றை வனாந்தரத்தில் விட்டுப் போனதாகத்தான் இருக்கிறது, பட்டியும் இல்லை, நாயும் இல்லை. நான் பதில் சொல்லவில்லை, கேள்வியை வகுப்புக்கே திருப்பிவிட்டேன். “அவங்கண்ணனை நிறுத்தீட்டுப் போயிருப்பாருங்க” என்றது ஒன்று. “ஒண்ணுக்காகத் தேடிப் போறவரு மத்ததை உட்டுட்டா போவாரு?” என்றது இன்னொன்று. அன்றைக்கு கிராஃப்ட் நேரம் போயே போய்விட்டது.

அந்தப் பொடியன் கேட்டது வகுப்பு நடத்துகிறவர்களுக்கான கேள்வியும்கூட. நாலு வயதுப் பிள்ளை ஒன்று அம்மாவைத் தேடி அழுதுகொண்டு கேட்டைத் தாண்டி ஓடும். நீ பின்னால் ஓடுவாய். மீதி இருபத்தொன்பதை யார் பார்ப்பது? அதனால் ஒரு வகுப்புக்கு இரண்டு பேர் வேண்டும் என்று டைரக்டரிடம் முதல் நாளே கேட்டு வாங்கு. ஆள் இல்லை என்பார், விடாதே. வேறொரு காரணமும் இருக்கிறது. எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் நீ தனியாக இருக்கக்கூடாது, வேறு யாரும் இருக்கவும் விடக்கூடாது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும், சொல்லாமல் இருப்பது குற்றம். ‘சபை பேர் கெட்டுப்போகும்’ என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் நின்று பேசிக்கொண்டிருக்காதே, 1098க்குப் போன் போடு.

குரலைப் பற்றி ஒன்று. கத்தினால் மூன்றாம் நாள் தொண்டை கட்டிக்கொள்ளும், ஆக்‌ஷன் சாங்குக்குக் காற்றுதான் வரும். சத்தம் ஏறும்போது நீ குரலை இறக்கு. என்ன சொல்கிறாள் என்று கேட்க முன்வரிசை பின்வரிசையை அடக்கும். கல்லூரி செமினாரிலும் இது பலிக்கும், செய்து பார்.

முதல் வாரம் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட அனுப்புவார்கள். வெயிலைச் சாக்காகச் சொல்லித் தப்பித்துவிடாதே. எனக்கு இந்தப் பத்து நாளில் எல்லாவற்றையும்விடப் பெரிய படிப்பு அதுதான். நீ பிறந்து வளர்ந்த காரமடையிலேயே நீ கால் வைக்காத தெருக்கள் இருக்கின்றன. ஏன் வைக்கவில்லை என்று நான் எழுத வேண்டியதில்லை. ஒரு வீட்டில் சொம்பில் தண்ணீர் கொடுப்பார்கள். அண்ணாந்து குடிக்கிறாயா, வாய் வைத்துக் குடிக்கிறாயா, வேண்டாம் என்கிறாயா என்று உள்ளேயிருந்து ஒரு கிழவி பார்த்துக்கொண்டிருப்பாள். குடி. கறிவேப்பிலைக் காட்டுக்கு உருவப் போகிற அம்மாக்கள் விடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள், அவர்கள் பிள்ளைகள் சில நாள் வெறும் வயிற்றோடுதான் வரும். பத்தரை மணி பிஸ்கட்டை ஒன்பது மணிக்கே கொடுக்க முடியுமா என்று கமிட்டியில் கேள்.

அரங்கநாதர் கோயில் ஊர் இது. மாசித் தேருக்கு வடம் பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகளும் கூட்டாளியோடு பாட்டுக்கும் கிராஃப்டுக்கும் வருவார்கள். என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பதைப் பெற்றவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடு. அவர்கள் சரி என்றால் பிள்ளை வரட்டும், வேண்டாம் என்றால் விட்டுவிடு. நெற்றியில் நாமத்தோடு வந்த பிள்ளையை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே. ஏழு வயதுப் பிள்ளைக்கு நரகத்தைக் காட்டிப் பயமுறுத்துவதும், கடைசி நாளில் கையைத் தூக்கச் சொல்லி எண்ணிக்கை எடுப்பதும் எனக்குப் பிடிக்காத வேலைகள். இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் நம் சபையிலேயே உண்டு. அவர்களோடு வேலை செய்யவும் கற்றுக்கொள்வாய்.

சம்பளம் கிடையாது. பஸ் காசு கொடுத்தால் வெட்கப்படாமல் வாங்கிக்கொள். சர்டிபிகேட் தருவார்கள், அதை ஃபைலில் போட்டுவை, பெரிதாக நம்பாதே. பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில் ‘லீடர்ஷிப்’ என்று ஆரம்பிக்காதே, கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்திருக்கும். ஓடிப்போன பிள்ளையைப் பிடிக்கப் போனபோது வகுப்பை யாரிடம் விட்டாய், திரும்பி வந்து அவன் அம்மாவிடம் என்ன சொன்னாய் என்று அந்த ஒன்றை மட்டும் சொல்.

பயிற்சிக் கூட்டத்துக்குக் கதையை எழுதிக்கொண்டு வராதே, நின்று சொல்லிக் காட்டு. கிராஃப்டுக்குக் கடையில் வாங்கிக் காசைக் கரைக்காதே, வாழைநாரும் காய்ந்த இலையும் நம் ஊரில் வேண்டிய மட்டும் கிடக்கிறது. உங்கப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். இன்டர்ன்ஷிப் கடிதத்தில் சேருகிற தேதி என்ன போட்டிருக்கிறது என்று மட்டும் நாளைக்குள் போன் பண்ணிச் சொல்.

அன்புடன்,
பெரியம்மா