பெரியாளும் சித்தாளும்

நுழையுமுன்

ஒரே வேலைக்கு ஆணுக்கு ஓர் ஊதியம், பெண்ணுக்கு அதனினும் குறைந்த ஊதியம் என்பது நம் நாட்டில் சட்டத்திற்கு மாறானது. ஆயினும் அவ்வேறுபாடு நீடிக்கிறது. எவ்வாறு நீடிக்கிறது என்பதை ஒரு சொல்லின் வழியாகவும் ஒரு வழக்கின் வழியாகவும் இப்பாடம் ஆராய்கிறது.

பாடப்பகுதி

வீடு கட்டும் இடத்தில் மூவகைப் பணியாளர்களைக் காணலாம். சுவர் எழுப்புபவர் கொத்தனார். மண்வெட்டி பிடித்துக் கலவை குழைக்கும் ஆண் உதவியாளர் பெரியாள். அக்கலவையையும் செங்கல்லையும் தலையில் சுமந்து சாரத்தின்மேல் கொண்டு சேர்க்கும் பெண் சித்தாள். சிறுமை, ஆள் என்னும் இரு சொற்களும் புணர்ந்து 'சிற்றாள்' ஆகும்; அதுவே பேச்சு வழக்கில் 'சித்தாள்' எனத் திரிந்தது. சிறுவரையும் குறித்த இச்சொல் இன்று பெரும்பாலும் பெண்களையே குறிக்கிறது. ஐம்பது வயதுப் பெண்மணியும் சித்தாளே. இருபது வயது இளைஞனும் பெரியாளே. கூலியும் இப்பெயர்களைப் பின்பற்றியே பிரிகிறது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களில் வாழும் மாணவர்கள் 'ரேஜா' என்னும் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். அதுவும் பெண் கூலியாளுக்கு மட்டும் உரிய பெயர்.

நம் பள்ளி மாணவர் பலரின் பெற்றோர் மத்திய அரசுப் பணியில் உள்ளனர். ஊதியக் குழு வகுத்த அட்டவணையில் ஆண், பெண் என்ற பிரிவு இல்லை. ஆகவே, 'இவ்வேறுபாடு இக்காலத்தில் எங்கே இருக்கிறது?' என்னும் வினா வகுப்பில் எழுவது இயல்பு. அதே அலுவலகத்தின் மதிற்சுவரைக் கட்ட ஒப்பந்தக்காரர் அழைத்துவரும் ஆட்களின் கூலியை விசாரித்தால் விடை கிடைத்துவிடும்.

இனி, சட்டம் கூறுவதைக் காண்போம். ஆண், பெண் இருபாலர்க்கும் சமவேலைக்குச் சம ஊதியம் கிடைக்குமாறு அரசு தன் கொள்கையை வகுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 39ஆம் உறுப்பு. ஆனால் அது வழிகாட்டு நெறி. அதை மட்டுமே காட்டி நீதிமன்றத்தில் உரிமை கோர இயலாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1951இல் இயற்றிய சம ஊதிய உடன்படிக்கையை இந்தியா 1958இல் ஏற்றது. உலக மகளிர் ஆண்டான 1975இல் அவசரச் சட்டம் பிறந்து, 1976இல் சம ஊதியச் சட்டமாயிற்று. 'ஒரே வேலை' என்பதோடு நில்லாமல், 'அதனை ஒத்த வேலை' என்பதையும் அச்சட்டம் சேர்த்துக்கொண்டது. திறன், உழைப்பு, பொறுப்பு ஆகிய மூன்றும் ஒத்திருந்து, பணிச்சூழலும் ஒத்திருந்தால் வேலையும் ஒத்ததே ஆகும். இந்த மூன்று சொற்களை நினைவில் கொள்ளுங்கள்.

அச்சட்டம் வந்தவுடன் அதன் பயனை நாடியவர்களுள் ஒருவர் ஆட்ரி டிகோஸ்டா. பம்பாயில் இயங்கிய மெக்கின்னன் மெக்கன்சி என்னும் கப்பல் நிறுவனத்தில் அவர் சுருக்கெழுத்தராகப் பணிபுரிந்தார். 1977 ஜூனில் அவருடைய பணி முடிவுக்கு வந்தது. ஆண் சுருக்கெழுத்தர்களுக்குத் தந்ததைவிடக் குறைந்த ஊதியமே தமக்குத் தரப்பட்டது என்று அவர் முறையிட்டார். நிறுவனம் மறுப்புரைத்தது. அவர் வெறும் சுருக்கெழுத்தர் அல்லர், உயர் அதிகாரிகளிடம் பணிபுரியும் 'அந்தரங்கப் பெண் சுருக்கெழுத்தர்'. அது தனி வகைப் பணி என்றது. ஊழியர் சங்கத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படியே ஊதியம் வகுக்கப்பட்டது என்றது. தன் நிதிநிலை நலிந்திருக்கிறது என்றும் கூறியது.

இவற்றுள் முதல் வாதத்தைக் கூர்ந்து நோக்குக. பணியின் பெயரிலேயே 'பெண்' என்னும் சொல் இருக்கிறது! அவ்விருக்கைகளில் பெண்களை மட்டுமே அமர்த்தியது நிறுவனத்தின் வழக்கம். ஓர் ஆண் அப்பணியைச் செய்ய இயலாது என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. தானே வகுத்த வழக்கத்தைக் காட்டி, 'இது வேறு வேலை' என்று வாதிடுவது பொருந்துமா?

1987இல் உச்ச நீதிமன்றம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. நீதியரசர் ஈ. எஸ். வெங்கடராமையா எழுதிய அத்தீர்ப்பு, பணியின் பெயரை நோக்காமல் உண்மையில் செய்யப்படும் பணியை நோக்க வேண்டும், சிறுசிறு வேறுபாடுகளைப் பெரிதுபடுத்தலாகாது என்னும் நெறியை நிறுவியது. சங்கத்தோடு செய்துகொண்ட உடன்பாடு சட்டத்தை மீற முடியாது. ஆண்களுக்கு முழு ஊதியம் தரும் நிறுவனம், பெண்களிடம் வரும்போது மட்டும் நிதி நெருக்கடியைச் சொல்லலாகாது. டிகோஸ்டாவுக்கு உரியதாகக் கணக்கிடப்பட்ட நிலுவை ஏறத்தாழ 7,200 ரூபாய். அத்தொகைக்காக உச்ச நீதிமன்றம்வரை பத்தாண்டுக் காலம் வழக்கு நடந்தது.

படித்தவர், பெருநகரத்தில் வாழ்ந்தவர், எழுத்துவடிவ ஊதிய ஆவணம் உடையவர் ஆகிய ஒருவருக்கே பத்தாண்டுகள் தேவைப்பட்டன எனில், மாலையில் கையில் கூலி வாங்கிச் செல்லும் சித்தாள் எதைக் காட்டி வழக்காடுவார்? சட்டம் பதிவேடு வைக்கச் சொல்கிறது. ஒப்பந்தக்காரரிடம் இருப்பதோ பெரும்பாலும் சட்டைப்பையில் உள்ள சிறு குறிப்பேடு மட்டுமே.

ஐஸ்லாந்து இந்தச் சுமையை இடம் மாற்றிப் பார்த்தது. 2018இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுச் சட்டத்தின்படி, 25 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் நிறுவனங்கள் தாம் சம ஊதியம் வழங்குவதை மெய்ப்பித்துச் சான்று பெற வேண்டும். அதாவது, குறைவாகப் பெற்றவர் வழக்காட வேண்டியதில்லை. கொடுப்பவரே கணக்குக் காட்ட வேண்டும். எனக்கு இதுவே சாலச் சிறந்த வழியாகத் தோன்றுகிறது.

விளையாட்டுத் துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 2022 அக்டோபரில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஆடவர்க்கும் மகளிர்க்கும் சமமான ஆட்டக் கட்டணத்தை அறிவித்தது. டெஸ்ட் ஆட்டத்திற்கு 15 லட்சம் ரூபாய், ஒருநாள் ஆட்டத்திற்கு 6 லட்சம், இருபது ஓவர் ஆட்டத்திற்கு 3 லட்சம். இது பாராட்டத்தக்க அறிவிப்பு. ஆயினும் 2022-23ஆம் ஆண்டுக்கான ஒப்பந்தத்தில் ஆடவரின் உயர்ந்த நிலைக்கு 7 கோடி ரூபாய்; மகளிரின் உயர்ந்த நிலைக்கு 50 லட்சம் ரூபாய். மகளிர் ஆடும் டெஸ்ட் ஆட்டங்களோ மிகச் சில. ஆகவே கட்டணம் சமமானது, வருமானம் சமமாகவில்லை.

கட்டுமானத் தொழிலிலும் இதே நிலைதான். பெரியாளுக்கும் சித்தாளுக்கும் நாளையே ஒரே கூலி என்று வைத்துக்கொள்வோம். பெரியாளாகச் சேரும் இளைஞன் கொத்தனாரின் அருகில் நின்று, நூல் பிடிக்கவும் கரணையைக் கையாளவும் கற்று, சில ஆண்டுகளில் கொத்தனார் ஆகிறான். சித்தாளாகச் சேரும் பெண்ணின் கையில் யாரும் கரணையைக் கொடுப்பதில்லை. இருபது ஆண்டுகள் சாரம் ஏறிய பின்னரும் அவர் சித்தாளாகவே இருக்கிறார்.

சொற்பொருள்

சாரம் – கட்டடப் பணிக்காகக் கழிகளால் அமைக்கும் மேடை
கரணை – கொத்தனார் கலவை பூசும் கருவி
நிலுவை – கொடுபடாமல் எஞ்சிய தொகை

பயிற்சி

1. 'சிறுமை + ஆள்' புணர்ந்த முறையை விளக்குக. இவ்வாறே புணரும் வேறு இரு சொற்களை எழுதுக.

2. நிறுவனம் கூறிய மூன்று வாதங்களையும் நீதிமன்றம் எவ்வாறு மறுத்தது? ஒரு பத்தியில் எழுதுக.

3. கலவை குழைத்தல், கலவை சுமத்தல் ஆகிய இரு பணிகளையும் திறன், உழைப்பு, பொறுப்பு என்னும் மூன்றாலும் ஒப்பிடுக. அவை 'ஒத்த வேலை' ஆகுமா? உம் கருத்தைக் காரணத்துடன் நிறுவுக.

4. நீர் வாழும் பகுதியின் மொழியில் ஆண், பெண் கூலியாளர்க்கு வழங்கும் பெயர்களைக் கேட்டறிந்து, அவற்றின் பொருளைத் தமிழில் எழுதுக.