வேங்கடத்து ஆய்விதழ்

கேள்வி: திருமலைக்குப் போகும்போதெல்லாம் ‘சப்தகிரி’ இதழை வாங்குகிறேன். இலக்கிய ஆராய்ச்சிக்கென்று அங்கிருந்து இதழ் ஏதும் வந்ததா? (வாசகர், சித்தூர்)

பதில்: வந்தது. 1939-இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் ஒன்றைத் திருப்பதியில் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அதன் ஆய்விதழும் வெளிவந்தது. 1956-இல் அந்த நிறுவனம் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தோடு இணைந்தபோது இதழும் அங்கே போயிற்று.

மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ (1902) தமிழுக்கென்றே பிறந்தது. திருப்பதி இதழோ சமஸ்கிருதம், தெலுங்கு, தமிழ் மூன்றுக்கும் இடம் கொடுத்தது. எனக்கு அது மிகப் பொருத்தமாகவே படுகிறது. தொல்காப்பியப் பாயிரம் தமிழுக்கு வடவெல்லையாகச் சொல்வது இந்த வேங்கடத்தைத்தானே! நம்மாழ்வார் தமிழில் பாடிய மலையையே அன்னமய்யா தெலுங்கில் பாடினார். பழைய தொகுதிகளைப் பெரிய பல்கலைக்கழக நூலகங்களில் கேட்டுப் பாருங்கள்.