பல்பொருட் கட்டுமானங்களும் கணிப்பு வலையும்

1967 டிசம்பர் 11 அன்று மகாராட்டிரத்தின் கொய்னாப் பகுதியில் கடும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. 103 மீட்டர் உயரமுள்ள கொய்னா அணையில் விரிசல்கள் கண்டன. கீழ்முகச் சரிவு திடீரென மாறும் மட்டத்தை ஒட்டியே அவை மிகுந்திருந்தன. தகைவு எங்கும் ஒரே சீராகப் பரவுவதில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

கட்டுமானத்தைச் சிறு முக்கோணங்களாகவோ நாற்கோணங்களாகவோ பகுத்து, அவ்வலையின்மீது தகைவைக் கணித்தல் முடிவுறு கூறு முறை எனப்படும். கிளஃப் என்னும் அறிஞர் 1960இல் இப்பெயரை வழங்கினார். வலை எங்கும் நெருங்கியிருப்பின் கணிப்பு வேலை பெருகும். எங்கும் அகன்றிருப்பின் ஆபத்தான இடம் புலப்படாது. ஆகவே முதலில் அகன்ற வலையில் கணித்துப் பிழையை மதிப்பிட்டு, பிழை மிகுந்த இடத்தில் மட்டும் கூறுகளைச் சிறிதாக்கி மீண்டும் கணிப்பர். இதுவே தகவமைவு வலையாக்கம்.

பிழையை அறிவது எவ்வாறு? அடுத்தடுத்த கூறுகளில் கிடைத்த தகைவுகளைச் சீராக்கி, மூலக் கணிப்பினின்று அவை வேறுபடும் அளவைப் பிழையாகக் கொள்ளும் முறையைச் சியென்கியேவிச், சூ ஆகிய இருவரும் 1987இல் வெளியிட்டனர். ஒரே பொருளாலான கட்டுமானத்திற்கு இது நன்கு பொருந்தும். பல பொருள்கள் சேருமிடத்தில் எச்சரிக்கை தேவை.

எடுத்துக்காட்டாக, எஃகுக் கம்பி பதித்த கான்கிரீட் தூண் ஒன்றைக் கருதுக. சுமையால் இரண்டும் ஒன்றாக, நீளத்தில் 10,000இல் 2 பங்கு சுருங்குகின்றன எனக் கொள்வோம். சதுர மில்லிமீட்டருக்கு எஃகின் யங் குணகம் 2,00,000 நியூட்டன். கான்கிரீட்டினுடையது 25,000 நியூட்டன் எனின், எஃகின் தகைவு 40, கான்கிரீட்டின் தகைவு 5. இரண்டையும் சராசரியாக்கினால் 22.5 வரும். அத்தகைய தகைவு தூணில் எங்குமே இல்லை! உண்மையான தாவலைப் பிழையெனக் கருதிய கணிப்பொறி, எல்லையை ஒட்டிக் கூறுகளை வீணே நுணுக்கிக்கொண்டே செல்லும்.

எனவே இரு விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். ஒன்று, எந்தக் கூறும் இரு பொருள்களில் பரவாதவாறு கூறுகளின் விளிம்பு பொருளெல்லையிலேயே அமைதல் வேண்டும். மற்றொன்று, தகைவைச் சீராக்குதல் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே நிகழ்தல் வேண்டும். எனினும் பிணைப்பு விடாத எல்லையில், ஒரு பொருள் மற்றொன்றின்மேல் செலுத்தும் விசை இருபுறமும் சமமாகவே இருக்கும். அது மாறுபடின் கணிப்பில் பிழை உண்டு.

ஆசிரியர்கள் மேற்கண்ட கணக்கைக் கரும்பலகையில் செய்து காட்டலாம். களப்பணியாளர்களோ பாறையும் கான்கிரீட்டும் சந்திக்கும் இடத்தையும், இடையிலுள்ள மென்பாறை அடுக்கையும் வரைபடத்தில் பிழையின்றிக் குறித்தல் வேண்டும். குறிக்கப்படாத எல்லையை எத்துணை நுண்ணிய வலையும் கண்டறியாது.