வயிற்றைப் பார்த்துப் பாசி போடு

அன்பின் தம்பிக்கு,

படங்கள் கிடைத்தன. எலுவன்குளத்தில், வீட்டின் பின்தாழ்வாரத்தில், நான்கு கண்ணாடித் தொட்டிகளுக்கு உப்புத்தண்ணீர் கட்டி நிறுத்திவிட்டாய். அதுவே பாதி வேலை. மீதிப் பாதிதான் உன் கேள்வி: காய்ந்த பாசித் தாளை ஓராக்குஞ்சுகள் பிய்த்துத் தின்கின்றன, பவுடர் புளூ மீன்கள் மூன்றும் திரும்பியும் பார்ப்பதில்லை, ஏன்?

ஓரா உன் ஊர்க்காரன். கங்கேவாடியவில் கலா ஓயா புத்தளம் களப்பில் விழும் இடத்தைத் தாண்டினால் கடற்புல். அதில் ஓராக்கூட்டம் ஆடு மாதிரி மேய்வதை வள்ளத்தில் இருந்தே பார்த்திருப்பாய். தண்ணீரில் ஆடுகிற இலை எதுவானாலும் அதற்குச் சாப்பாடுதான். பவுடர் புளூ வெளிக்கடல் பாறைக்காரன். கல்லில் மயிர்போல ஒட்டி வளரும் குட்டைப் பாசியைக் கொத்தித் தின்று பழகியது. மேலே இருந்து கிளிப்பில் தொங்கும் கறுத்த தாள் ஒன்றை அது பிறந்ததிலிருந்து கண்டதில்லை. ஆகவே தாளைத் தொங்கவிடாதே. உள்ளங்கையளவு முருகைக்கல் ஒன்றில் சுற்றி, இறப்பர் வளையம் போட்டு, அடியில் வை. கல்லில் முளைத்தது என்று நினைத்துக் கொத்தும். கொத்தத் தொடங்கிய பிறகு கிளிப்புக்கு மாற்றலாம். மூன்றும் ஒரே இனம், அதுவும் சண்டைக்கார இனம் என்பதால் கல்லையும் மூன்று மூலையில் வை. ஒரே இடத்தில் வைத்தால் பெரியவன் காவல் நிற்பான், மற்ற இரண்டும் பட்டினி கிடக்கும். இடம் இருந்தால் மூன்றையும் பிரித்துவிடுவது அதைவிட நல்லது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். பாசி தின்னும் மீனுக்கு நீ கொடுப்பது இலை இல்லை, நேரம். பாசியில் சத்து கொஞ்சம், குடல் நீளம். அதனால் விடிந்ததில் இருந்து பொழுது சாயும்வரை அது வாயை ஓயவிடாது. இறைச்சி தின்னும் மீன் ஒரு நேரம் விழுங்கிவிட்டு மறுநாள்வரை சும்மா கிடக்கும். இது அப்படி இல்லை. போதாததற்கு, பொதி கட்டுமுன் பையில் தண்ணீர் கெடாதிருக்க மீனை ஒரு நாள், இரண்டு நாள் பட்டினி போடுவார்கள். உன்னிடம் வரும்போதே அது வெறும் வயிற்றோடு வருகிறது.

அந்த வயிற்றுக்குள் யார் இருக்கிறார்கள் தெரியுமா? செங்கடலில் பிடித்த, பவுடர் புளூவின் குடும்பத்து மீன்களின் குடலில் ஒரு விசித்திர உயிரைக் கண்டு 1985இல் எழுதினார்கள். அரை மில்லிமீற்றருக்கும் மேல் நீளம், வெறுங்கண்ணுக்கே தெரியும். இவ்வளவு பெரியது பற்றீரியாவாக இருக்க முடியாது என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1993இல் அது பற்றீரியாவேதான் என்று நிரூபணமானது. நீ மீனுக்கு மட்டும் சோறு போடவில்லை, ஒரு குடித்தனத்துக்கே போடுகிறாய்.

நான் தொடங்கிய வருடம் இது எதுவும் தெரியாது. பின்னேரம் வேலை முடிந்து வந்து ஒரு முழுத் தாளைத் தொங்கவிட்டுத் தாராளமாகக் கொடுத்துவிட்டேன் என்று படுத்துவிடுவேன். காலையில் பார்த்தால் பாதி கரைந்து பில்டரில் கிடக்கும், தண்ணீர் மஞ்சளாக இருக்கும், மீன் மெலிந்திருக்கும். சுஷிக்கு விற்கும் நோரித் தாள் ஒன்று ஏறக்குறைய 3 கிராம்தான். அதைக் கத்தரித்து நாளைக்கு மூன்று நான்கு தடவை வை. மூன்று மணித்தியாலத்தில் தீராததை எடுத்து எறி. எண்ணெயும் உப்பும் தடவிய தின்பண்ட வகையைத் தொடாதே, நல்லெண்ணெய்ப் படலம் தண்ணீரில் மிதக்கும். பொதியின் பின்பக்கத்தில் பாசியைத் தவிர வேறு பெயர் இருந்தால் அது உனக்கும் எனக்கும், மீனுக்கு இல்லை.

நோரி விலை கட்டாது என்கிறாய். உண்மை. ஆனால் நீ இருப்பது பாசிக்குப் பேர்போன களப்பின் கரையில். 19ஆம் நூற்றாண்டு மருந்து நூல்களில் 'சிலோன் மொஸ்' என்று வருவது புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் நடுவில் விளைந்த நம் கஞ்சிப்பாசிதான். தென்மேற்குக் காற்று பிய்த்து ஒதுக்குவதைப் பொறுக்கி, பாயில் காயவைத்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, திரும்ப வெயிலில் போட்டு வெளுக்கவைப்பார்கள். நோன்பு திறக்க உம்மா பாலும் சீனியும் விட்டுக் காய்ச்சிய கடற்பாசிக்கு வெள்ளையாக இருந்தால்தான் அழகு. மீனுக்கு அந்த வெள்ளை வேண்டாம். நிறம் போகும்போது நிறத்தோடு வேறு பலதும் போய்விடுகிறது. ஒருமுறை அலசி, மணலும் சிறுபூச்சியும் போனதும், நிழலில் காற்றாட உலர்த்து. கையில் எடுத்தால் கருஞ்சிவப்பு மிச்சம் இருக்கவேண்டும். காற்றுப் புகாத போத்தலில், வெளிச்சம் படாமல் வை. புதிதாக ஒதுங்கியதை மட்டும் எடு, நாறத் தொடங்கியதை விடு, அடியில் வளர்வதைப் பிடுங்காதே. இறால் பண்ணை வாய்க்கால் பக்கம் போகவே போகாதே.

இன்னொன்று. தலையிலும் பக்கவாட்டுக் கோட்டிலும் தோல் அரித்துக் குழி விழுந்தால், பாசியும் விற்றமினும் போடு, ஆறிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பில்டரில் போடும் ஒருவகை நிலக்கரிக் கரித்தூளே தோலை அப்படி அரிக்கும் என்று பவுடர் புளூவின் குடும்பத்து மீனை வைத்துக் காட்டியது. உன் கரியைத் தூசி போகக் கழுவினாயா? சந்தேகம் என்றால் கரியையே எடுத்துவிடு. பாசி தீனி, மருந்து இல்லை.

படங்களை எல்லாம் பக்கவாட்டில் எடுத்திருக்கிறாய். பக்கவாட்டில் எந்த மீனும் அழகுதான். அடுத்த முறை முகத்துக்கு நேரே ஒன்றும், மேலே இருந்து ஒன்றும் எடுத்து அனுப்பு. எனக்கு நெற்றிக்குப் பின்னால் முதுகுச் சதை எப்படி இருக்கிறது, வயிறு ஒட்டிக் கிடக்கிறதா என்று பார்க்கவேண்டும். நடுவில் இருக்கும் சின்னவனை மறக்காமல் எடு.

அன்புடன்,
கற்பிட்டியில் இருந்து உன் மாமா