உயிர்களின் அமைப்பும் அவை வாழும் இடமும்

பனை தேரி மணலில் தழைக்கிறது. நீலகிரியின் உச்சியில் அதைக் காண்பதில்லை. வரையாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகளிலும் பாறைச் சரிவுகளிலும் மேய்கிறது, சமவெளியில் வாழ்வதில்லை. அலையாத்தி மரம் பிச்சாவரத்தின் உப்பங்கழியில் காடாய் அடர்ந்து நிற்கிறது. இவ்வேறுபாடுகள் தற்செயலாய் நேர்ந்தவையல்ல. ஒரு தாவரமோ பிராணியோ எவ்விடத்தில் பிழைக்கும் என்பதை அதன் உடலமைப்பும் வாழ்க்கை முறையும் பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன. இவ்வுண்மையை அறியாமல் அயல்நாட்டுச் செடிகளைக் கொண்டுவந்ததனால் தமிழ்நாட்டுக் குடியானவர்கள் நிலத்தையும் பொருளையும் இழந்ததுண்டு. ஆகையால் இது கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் கற்கவேண்டிய பாடமாகும்.

1. இசைவு உண்டாகும் விதம்

உப்பங்கழிச் சேற்றில் காற்றுப் புகுவதில்லை. நீரிலோ உப்பு மிகுதி. சாதாரண மரம் அங்கு சில நாட்களில் பட்டுப்போகும். அலையாத்தியோ சேற்றுக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் வேர்களால் சுவாசிக்கிறது. மிகுந்த உப்பை இலைகளின் வழியே வெளியேற்றுகிறது. இத்திறமை ஒரு மரம் தன் ஆயுளில் முயன்று பெற்றதன்று. ஒரே தாய்மரத்தின் கன்றுகளிலும் சிறு சிறு வேற்றுமைகள் உண்டு. அவற்றுள் இடத்திற்குப் பொருந்தியவை பிழைத்து விதை விடுகின்றன, மற்றவை மடிகின்றன. எண்ணற்ற தலைமுறைகளில் இவ்விதம் நிகழ்வதால் ஓர் இனம் தன் இடத்துக்கு இசைந்ததாகிறது. விதைக்கென நல்ல கதிரைப் பொறுக்கும் குடியானவன் செய்வதையே வெயிலும் வறட்சியும் உப்பும் செய்கின்றன. இத்தத்துவத்தைச் சார்லஸ் டார்வின் என்னும் ஆங்கில அறிஞர் 1859இல் வெளியிட்ட நூலில் விரிவாய் விளக்கினார்.

2. இரண்டு கள்ளிகள்

சதுரக்கள்ளி இந்நாட்டுச் செடி. ஒடித்தால் பால் வடியும். சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. அதில் பால் இல்லை. இவ்விரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஆயினும் இரண்டுக்கும் நீரைத் தேக்கிவைக்கும் சதைப்பற்றுள்ள தண்டும் முட்களும் உண்டு. வறட்சி என்னும் ஒரே துன்பத்தைத் தனித்தனியே எதிர்த்துப் பிழைத்ததனால் இரண்டும் ஏறக்குறைய ஒரே உருவத்தை அடைந்தன. மக்களும் இரண்டையும் கள்ளி என்றே அழைத்தனர்.

சப்பாத்திக்கள்ளியின் மற்றோர் இயல்பும் அறியத்தக்கது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை ஏற்கின்றன. அப்போது நீரும் ஆவியாய்ப் போகிறது. இக்கள்ளியோ பகலில் துளைகளை மூடி, குளிர்ந்த இரவில் திறக்கிறது. இதனால் நீர்ச்செலவு மிகக் குறைவு. ஒடிந்து விழுந்த ஒரு மடலும் வேரூன்றித் தனிச்செடியாகும். பறவைகள் பழத்தைத் தின்று விதையைத் தொலைவில் எச்சமிடும்.

3. தாயகத்தில் விட்டுவந்த பகைவர்

இத்தகைய செடிக்குத் தென்னிந்தியாவின் வறண்ட பகுதிகள் மிகவும் ஏற்ற இடமாயின. தாயகத்தில் அதைத் தின்று கட்டுப்படுத்திய பூச்சிகள் இங்கு இல்லை. ஆகவே வேலியில் நின்ற செடி மேய்ச்சல் நிலத்திலும் தரிசிலும் வழிகளிலும் புகுந்தது. வெட்டினால் வெட்டிய துண்டுகள் முளைத்தன. கொளுத்துவதற்கோ கூலி மிகுதியாயிற்று.

இக்கேட்டினின்று விடுதலை அளித்தது ஒரு சிறு பூச்சி. 1795இல் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஆட்சிக் காலத்தில், சிவப்புச் சாயம் பெறும் நோக்கத்துடன் பிரேஸில் நாட்டினின்று கொச்சினீல் பூச்சி வங்காளத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அது உயர்ந்த சாயம் தரும் வகையன்று, வேறொரு வகை. சாயத் தொழில் பலிக்கவில்லை. ஆனால் அப்பூச்சி ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை அடியோடு அழிக்கக் கண்டனர். 1836 முதல் 1838 வரை அது தென்னாட்டிலும் விடப்பட்டு அவ்வகைக் கள்ளியை ஒழித்தது. பக்கத்திலேயே நின்ற மற்றொரு வகைக் கள்ளியை மட்டும் அது தீண்டவில்லை. அவ்வகைக்கு இசைந்த வேறொரு கொச்சினீல் பூச்சி 1926இல் இலங்கையினின்று தருவிக்கப்பட்டபின், சில ஆண்டுகளுக்குள் பெரும்பரப்பு நிலம் சாகுபடிக்கும் மேய்ச்சலுக்கும் மீண்டது. செடி எவ்விதம் தன் இடத்துக்கு இசைந்ததோ, அவ்விதமே பூச்சியும் தன் செடிக்கு இசைந்தது என்பது இதனால் விளங்கும்.

எனினும் இம்முறையைக் கையாள மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கள்ளியைத் தின்னும் ஒருவகை அந்துப்பூச்சியின் புழு 1926 முதல் ஆஸ்திரேலியாவில் பேருதவி செய்தது. அதே பூச்சி 1957இல் கரீபியத் தீவு ஒன்றில் விடப்பட்டது. 1989இல் அது அமெரிக்காவின் பிளாரிடாவில் காணப்பட்டு, அங்குள்ள நாட்டுக் கள்ளிகளையும் தாக்கலாயிற்று. பூச்சிகளைத் தருவிப்பது ஆராய்ச்சி நிலையங்கள் நெடிது சோதித்துச் செய்யவேண்டிய காரியமேயன்றித் தனிமனிதர் செய்யத்தக்கதன்று.

4. சீமைக் கருவேலம்

இப்பாடம் முடிந்துபோன கதையன்று. அமெரிக்கக் கண்டத்தினின்று வந்த சீமைக் கருவேலம் இராமநாதபுரம் முதலிய வறண்ட பகுதிகளில் கண்மாய்களையும் தரிசுகளையும் மூடி நிற்கிறது. அதன் வேர் ஆழச் செல்லும். உவர் நிலத்தையும் தாங்கும். நெற்று இனிப்பானது; ஆடுமாடுகள் விரும்பித் தின்கின்றன. கடினமான தோலையுடைய விதை ஜீரணமாகாமல் சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து, எருவுடனேயே முளைக்கிறது. விறகும் கரியும் இம்மரத்தால் கிடைத்து, ஏழைக் குடும்பங்கள் பல அதனால் பிழைப்பதும் உண்மையே. ஆகையால் எங்கு அதை வைத்துக்கொள்வது, எங்கு அகற்றுவது என்பதை ஊரார் கூடித் தீர்மானிக்கவேண்டும்.

5. சங்கங்கள் செய்யத்தக்கவை

ஒருவர் தம் வயலைச் சுத்தம் செய்து, அடுத்தவர் செய்யாவிடில், ஆடுகள் விதையை மீண்டும் கொணரும். எனவே ஒரு கண்மாயின் ஆயக்கட்டு முழுவதையும் ஒரே பருவத்தில் சுத்தம் செய்வதே பயன்தரும்; அதற்குச் சங்கமே தக்க கருவி. மரத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். நெற்றுப் பழுக்குமுன் வேர்க்கட்டையுடன் தோண்டி எடுக்கவேண்டும். நெற்றைத் தீவனமாய்க் கொடுப்போர் விதை நொறுங்கும்படி அரைத்துக் கொடுத்தல் நன்று. வெற்றிடமாய் விட்ட நிலத்தில் அதுவே திரும்ப முளைக்குமாதலால், உடனே பயிரோ நாட்டு மரமோ வைக்கவேண்டும். புதிய விதை, கன்று, கால்நடை எதற்கும் சங்கத்தின் பணத்தைச் செலவிடுமுன், அது எந்நாட்டினது, அங்கு மழையும் மண்ணும் எத்தகையவை, அதன் பகைவர் யாவர், தன்னைத்தானே பரப்பிக்கொள்ளுமா என்னும் நான்கையும் விசாரித்தறிவது அவசியம்.

சங்கக் கூட்டத்தில் ஆராயத்தக்க கேள்விகள்

(1) ஊரில் தானாய் முளைத்துப் பரவும் அயல்நாட்டுச் செடிகள் எவை? அவை எவ்வழியாய்ப் பரவுகின்றன?

(2) பொதுநிலத்தில் சீமைக் கருவேலம் மூடிய பரப்பு எவ்வளவு? அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனை? அவர்களுக்கு வேறு வழி என்ன?

(3) அகற்றிய இடத்தில் நடுவதற்கு அவ்வூர் மண்ணுக்கு இசைந்த மரங்கள் எவை? கன்றுகளை வளர்க்கும் பொறுப்பை ஏற்பவர் யார்?