ஒரு கருப்பு பேண்ட்டோட உண்மையான விலை என்ன? லோ வெயிஸ்ட் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

முதல் சம்பளத்தை எப்படிப் பிரிக்கணும்னு சொன்ன வீடியோவுல, ஆபீஸ் டிரஸ்ஸுக்கு எவ்வளவு ஒதுக்கணும் என்பதை ஒரே வரியில சொல்லிட்டுத் தாண்டிப் போயிட்டேன். அது தப்புன்னு எனக்குப் புரிய வெச்சது எங்க அக்கா பொண்ணு.

அவளுக்கு கிண்டியில முதல் வேலை. கைக்கு வர்ற சம்பளம் 24,000 ரூபாய், அதுல ஹாஸ்டலுக்கே 8,500 போயிடும். வேலையில சேர்ந்த வாரமே ஆன்லைன் தள்ளுபடியில மூணு கருப்பு லோ வெயிஸ்ட் பேண்ட் வாங்கினா, ஒவ்வொண்ணும் 899. மொத்தம் 2,697 ரூபாய். முதல் பேண்ட் இடுப்புல சரியா நிக்குது, தொடையில இறுக்குது. ரெண்டாவது, உட்கார்ந்தா பின்பக்கம் வாயைத் திறந்துக்கும். மூணாவது பேண்ட் ரெண்டே மாசத்துல கருப்பும் இல்லாம சாம்பலும் இல்லாம ஒரு நிறத்துக்கு வந்துடுச்சு. டெய்லர்கிட்ட கொடுத்துச் சரி பண்ணிக்கலாம்னு டேக்கைக் கிழிச்சுட்டா. திருப்பிக் கொடுக்கிற நாளும் முடிஞ்சுபோச்சு.

ஒருநாள் டீம் மீட்டிங்ல போர்டு பக்கம் போய் எழுத வேண்டிய முறை இவளோடது. தலைவலின்னு சொல்லி அடுத்தவங்களுக்குத் தள்ளி விட்டுட்டா. மீட்டிங் முழுக்க ஹேண்ட்பேக்கை மடியில வெச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கா. அன்னிக்கு ராத்திரி போன். "சித்தி, நான் நல்லா தயார் பண்ணியிருந்தேன். எழுந்து திரும்பி நிக்கவே கூச்சமா இருந்துச்சு."

மூணு பேண்ட்டையும் சேர்த்து எத்தனை தடவை போட்டிருப்பேன்னு கேட்டேன். யோசிச்சுப் பார்த்து 25 தடவைன்னா. 2,697-ஐ 25-ஆல வகுத்தா ஒரு தடவைக்கு 108 ரூபாய். சல்லிசா கிடைச்சுதுன்னு நினைச்ச பேண்ட்டுக்கு, ஒவ்வொரு தடவை போடும்போதும் 108 ரூபாய் வாடகை கொடுத்திருக்கா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் தி.நகர் போனோம். ஹேண்ட்பேக்ல ஒரு இன்ச் டேப் எடுத்துக்கிட்டேன். அன்னைக்கு நாங்க செஞ்சதைத்தான் இங்கே எழுதறேன்.

லோ வெயிஸ்ட்னா எங்கே நிக்கணும்?

கடையில லோ வெயிஸ்ட், லோ ஹிப், லோ ரைஸ்னு எப்படிச் சொன்னாலும் விஷயம் ஒண்ணுதான். ரைஸ் என்பது, ரெண்டு கால் துணியும் சேர்ற கவட்டுத் தையல்ல இருந்து முன்பக்கப் பட்டியோட மேல் விளிம்பு வரைக்கும் உள்ள உயரம். பெண்கள் பேண்ட்ல இது சுமாரா 7, 8 இன்ச் இருந்தா லோ, 9, 10 இருந்தா மிட், 11-க்கு மேல போனா ஹை. லோ வெயிஸ்ட் பேண்ட் தொப்புளுக்கு ரெண்டு மூணு இன்ச் கீழே, இடுப்பு எலும்பு மேல உட்காரும்.

இதுலதான் ஆன்லைன் ஆர்டர் சறுக்குது. நாம அளக்கிறது இடுப்போட ஒல்லியான இடத்தை. ஆனா பேண்ட் நிக்கிறது அதுக்குக் கீழே, அகலமான இடத்துல. எங்க பொண்ணுக்கு மேல் இடுப்பு 29 இன்ச், பேண்ட் நிக்கிற இடத்துல 33. நாலு இன்ச் வித்தியாசம்! டேக்ல இருக்கிற 28, 30 எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை நம்ப வேண்டாம். பேண்ட்டைத் தட்டையா விரிச்சு, பட்டியை ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் அளந்து ரெண்டால பெருக்குங்க. அந்த எண் உங்க கீழ் இடுப்பு அளவோட ஒத்துப்போகணும்.

இவ்வளவு தொல்லைன்னா ஹை வெயிஸ்ட் வாங்கிட்டுப் போகலாமேன்னு கேட்பீங்க. நானும் கேட்டேன். உடம்போட மேல்பகுதி குட்டையா இருக்கிறவங்களுக்கு ஹை வெயிஸ்ட் பட்டி கிட்டத்தட்ட நெஞ்சுக்குக் கீழேயே வந்து நிக்கும், மதியம் சாப்பிட்டதும் வயித்தைப் பிடிக்கும். அவங்களுக்கு லோ வெயிஸ்ட்தான் வசதி, பார்க்கவும் அளவா இருக்கும். இன்னொரு பக்கம், இது வந்து வந்து போற ஃபேஷன் என்பதும் உண்மை. 1990-கள்ல லண்டன்ல அலெக்சாண்டர் மெக்வீன் இதோட உச்சபட்ச வடிவத்தை மேடை ஏத்தினார். 2000-களோட தொடக்கத்துல ஜீன்ஸ் எல்லாமே கீழே இறங்குச்சு. அப்புறம் பல வருஷம் ஹை வெயிஸ்ட் ராஜ்யம். இப்ப மறுபடியும் இறங்கியிருக்கு. அதனால நாலு வருஷம் போடணும்னு வாங்குறவங்க ரொம்பக் கீழே இறங்கினதை விட்டுட்டு, எட்டு எட்டரை இன்ச் ரைஸ் இருக்கிறதா எடுங்க. ஃபேஷன் மாறினாலும் அது கண்ணை உறுத்தாது.

டெய்லரால எது முடியும், எது முடியாது

இந்தப் பதிவுல ஒரே ஒரு பகுதிதான் படிக்க நேரம் இருக்குன்னா இதைப் படிங்க, ஏன்னா பணம் வீணாகுறது இங்கேதான். "ஆல்டர் பண்ணிக்கலாம்" என்ற நம்பிக்கையில நாம வாங்குற பாதித் துணி ஆல்டர் பண்ண முடியாத துணி.

ரைஸ் குறைவா இருந்தா யாராலும் கூட்ட முடியாது. மேலே சேர்க்கத் துணி கிடையாது, அவ்வளவுதான். சீட், தொடைப் பகுதி இறுக்கமா இருந்தா உள்தையல்ல துணி விட்டிருந்தாத்தான் பிரிச்சு விடலாம். ஆண்களோட ஃபார்மல் பேண்ட்ல பின் நடுத்தையல்ல பெரும்பாலும் ஒரு இன்ச்சாவது கூடுதலா விட்டிருப்பாங்க. பெண்களுக்கான ரெடிமேட்ல அநேகமா அந்த தாராளம் இருக்காது. வாங்கும் முன்னாடி பேண்ட்டைத் திருப்பி உள்பக்கம் பாருங்க. தையலுக்கு வெளியே அரை இன்ச்சுக்கும் குறைவா துணி இருந்தா, அந்தப் பேண்ட் இனி பெருசாகாது.

ஆனா பின் இடுப்பை ஒரு இன்ச் பிடிக்கிறது, கால் நீளத்தைக் குறைக்கிறது, முழங்காலுக்குக் கீழே அகலத்தைக் குறைக்கிறது எல்லாம் சுலபம். பின் இடுப்புல ஒன்றரை இன்ச்சுக்கு மேல பிடிச்சா ரெண்டு பின் பாக்கெட்டும் பக்கத்துல பக்கத்துல வந்து ஒட்டிக்கும். அசிங்கமா இருக்கும். அதனால தொடைக்கும் சீட்டுக்கும் பொருந்துறதை வாங்குங்க, இடுப்பைச் சரி பண்ணிக்கலாம். இடுப்புக்குப் பொருந்துதுன்னு வாங்கிட்டுத் தொடையைச் சரி பண்ண நினைக்காதீங்க. எங்க பொண்ணோட முதல் பேண்ட் அந்தத் தப்புதான்.

பட்டியையும் பாருங்க. கழட்டி விரிச்சா சில பேண்ட்ல பட்டி நேரா ஒரு பெல்ட் மாதிரி இருக்கும், சிலதுல லேசா வில் மாதிரி வளைஞ்சிருக்கும். இடுப்பு எலும்புகிட்ட உடம்பு சரிவா இறங்குது இல்லையா, அங்கே நேர்ப்பட்டி ஒட்டாது, பின்னாடி இடைவெளி விடும். லோ வெயிஸ்ட்டுக்கு வளைஞ்ச பட்டிதான் வேணும். ரெண்டாவது பேண்ட் வாயைத் திறந்ததுக்குக் காரணம் இதுவேதான்.

ட்ரையல் ரூம்ல பத்து நிமிஷம்

நின்னு கண்ணாடியைப் பார்த்தா எல்லாப் பேண்ட்டும் அழகுதான். உட்காருங்க. ட்ரையல் ரூம்ல ஸ்டூல் இல்லேன்னா வெளியே கேட்டு வாங்கிக்கோங்க. உட்கார்ந்ததும் பின்பக்கம் ரெண்டு விரல் நுழையலாம், கை முழுசா நுழையக்கூடாது. ஷூ லேஸ் கட்டுற மாதிரி குனியுங்க. பஸ்ல கம்பியைப் பிடிக்கிற மாதிரி ஒரு கையைத் தூக்குங்க. அப்ப சட்டை எவ்வளவு மேலே போகுதுன்னு பார்த்தாலே, இந்தப் பேண்ட்டுக்கு உங்க அலமாரியில சட்டை இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும்.

கவட்டுகிட்ட இருந்து ரெண்டு பக்கமும் கோடு கோடா இழுத்தா இறுக்கம்னு அர்த்தம். பக்கவாட்டுப் பாக்கெட் காது மாதிரி விரிஞ்சா ஹிப்புல இடம் பத்தலை. சீட்டுக்குக் கீழே துணி தொங்கி மடிஞ்சா ஒரு சைஸ் பெருசு. கடைசியா, விற்பனையாளர்கிட்ட சொல்லிட்டு கடை வாசல் வெளிச்சத்துல துணியைப் பாருங்க. டியூப்லைட்ல கருப்பா இருந்தது வெயில்ல பச்சை கலந்தோ பழுப்பு கலந்தோ தெரியலாம். கருப்பு பிளேஸர் ஒண்ணு ஏற்கெனவே வெச்சிருக்கீங்கன்னா அதையும் கொண்டு போங்க. ரெண்டு வேற கருப்பைச் சேர்த்துப் போட்டா, ஒண்ணு பழசுன்னு ஊருக்கே தெரியும்.

துணி விஷயத்துல, சுத்தமான காட்டன் சென்னை வெயிலுக்கு சுகம்தான், ஆனா கருப்பு சீக்கிரம் வெளுக்கும், பத்து மணிக்கே கசங்கும். முழு பாலியஸ்டர் வெளுக்காது, வேர்த்துக் கொட்டும். பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்து, கொஞ்சமா லைக்ரா சேர்த்த துணிதான் ஆபீஸுக்கு நடுவழி. கைப்பிடி அளவு துணியைப் பத்து நொடி இறுக்கிப் பிடிச்சு விடுங்க. கசங்கல் அப்படியே நின்னா, மதியம் உங்க மடியும் அப்படித்தான் இருக்கும்.

விலையில ஒளிஞ்சிருக்கிற வரி

நாங்க பார்த்ததுல ரெண்டு பேண்ட் மனசுக்குப் பிடிச்சது. ஒண்ணு 2,599, இன்னொண்ணு 2,999. "400 தானே சித்தி வித்தியாசம், துணி நல்லாருக்கும் இல்ல?"

2025 செப்டம்பர் 22-ல இருந்து ரெடிமேட் துணிக்கு ஜிஎஸ்டி, விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம், அதுக்கு மேல 18 சதவீதம். நாம பார்க்குற விலையில வரியும் சேர்ந்தே இருக்கும். 2,599-ல வரி சுமார் 124 ரூபாய். 2,999-ல வரி சுமார் 457 ரூபாய். ஆக கூடுதலா கொடுக்குற 400-ல 333 ரூபாய் வரிக்கே போயிடுது. பேண்ட்டுக்குன்னு போறது 67 ரூபாய்தான். இந்த எல்லையை ஒட்டின விலையில எதை வாங்கினாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க.

கடைசியில ரெண்டையும் விட்டுட்டோம். வேற கடையில 2,199-க்கு எட்டரை இன்ச் ரைஸ், வளைஞ்ச பட்டி, நேர்க் கால் உள்ள ஒண்ணு அமைஞ்சது. ஹாஸ்டல் பக்கத்துல இருக்கிற டெய்லர் அண்ணா பின் இடுப்பு பிடிக்க 150, கால் மடிக்க 80 வாங்கினார். மொத்தம் 2,429. வாரம் ரெண்டு நாள், வருஷத்துக்கு 100 தடவை. ரெண்டு வருஷம் உழைச்சா ஒரு தடவைக்கு 12 ரூபாய் சொச்சம். ஒரே வருஷத்துல போயிட்டாக்கூட 24 ரூபாய்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கை வெச்சு 9,000 ரூபாய் பேண்ட்டையும் நியாயப்படுத்தலாம், நானே பண்ணியிருக்கேன்! "300 தடவை போடுவேன்" என்பது ஆசை. இதுக்கு முன்னாடி வாங்கின பேண்ட்டை எத்தனை தடவை போட்டீங்களோ, அந்த எண்ணால வகுங்க.

எதோட போடுறது?

லோ வெயிஸ்ட் காலைக் கொஞ்சம் குட்டையாக் காட்டும். அதைச் சரிக்கட்டக் கால் நீளம் உதவும். எந்தச் செருப்போட போடப் போறீங்களோ அதைப் போட்டுக்கிட்டுத்தான் டெய்லர்கிட்ட நிக்கணும். பின்பக்கம் குதிகாலோட பாதி வரைக்கும் துணி வரட்டும். கணுக்காலுக்கு மேல நிறுத்தினா உடம்பு நடுவுல வெட்டின மாதிரி தெரியும்.

சட்டையை உள்ளே விடுறதா இருந்தா வால் நீளமான சட்டை வேணும். சாதாரண நீளம் ரெண்டு தடவை எழுந்து உட்கார்ந்தா வெளியே வந்துடும். வெளியே விடுறதா இருந்தா பட்டிக்குக் கீழே மூணு இன்ச் வரைக்கும் வரட்டும், அதுக்கு மேல நீளம் வேண்டாம். உள்ளே ஒரு நீள ஸ்லிப் போட்டுக்கிட்டா, குனியும்போது பின்பக்கம் பத்தின கவலையே இல்லை. பெல்ட் ஒரு இன்ச் அகலம் போதும், செருப்போட நிறத்துல.

குர்த்தி போடுறவங்க ஒண்ணு கவனிங்க. குர்த்தியோட பக்கவாட்டுப் பிளவு இடுப்பு எலும்புகிட்டத்தான் ஆரம்பிக்கும். லோ வெயிஸ்ட் பட்டி அதுக்குக் கீழே இருந்தா, மெட்ரோவுல கையைத் தூக்கினதும் இடைவெளி தெரியும். பிளவை ரெண்டு இன்ச் தைச்சு இறக்கிடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

துவைக்கும்போது உள்பக்கம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணியில துவைங்க, நிழல்ல காயப்போடுங்க. இஸ்திரி போடும்போது மேலே ஒரு மெல்லிசு துணியை விரிச்சுக்கோங்க. நேரடியா சூடு பட்டா கருப்புல ஒரு பளபளப்பு ஏறும், அது அப்புறம் போகவே போகாது.

எங்க பொண்ணு ஃபோன் நோட்ஸ்ல ஒவ்வொரு தடவை போடும்போதும் ஒரு எண்ணைக் கூட்டிக்கிட்டே வர்றா. நேத்து 31. போன வாரம் கேட்டா, "சித்தி, இதே அளவுல நேவி ப்ளூ ஒண்ணு வாங்கிக்கட்டுமா?" 50 வரட்டும்னு சொல்லியிருக்கேன்.