கொல்லிமலைக்கு 28 பல் போதுமா?

கேள்வி: திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். வயது 38, எடை 70 கிலோ. ஞாயிறுதோறும் முக்கொம்பு, குளித்தலை என்று 80 கிலோமீட்டர் வரை சைக்கிள் ஓட்டுவேன். எல்லாம் சமதரை. இப்போது முதல்முறையாக, கொல்லிமலை ஏறி இறங்கும் 200 கிலோமீட்டர் பிரெவே (கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். சைக்கிளில் முன்பக்கச் சின்ன செயின்வீலுக்கு 34 பல், பின்பக்க கேசட்டில் பெரியதற்கு 28 பல். தினமும் மலைக்கோட்டைப் படி ஏறினால் போதும் என்கிறார்கள் நண்பர்கள். போதுமா?

பதில்: படி ஏறுவதில் கெடுதல் இல்லை. ஆனால் மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் நீங்கள் ஏறப்போவது ஏறத்தாழ 1000 மீட்டர். பன்னிரண்டு மலைக்கோட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம். படிக்கட்டில் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினால் உச்சிப் பிள்ளையார் வந்துவிடுவார், உட்கார்ந்துகொள்ளலாம். மலைப்பாதையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாத சுமை. அதனால் எனக்கு உங்கள் கால்களைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை, அந்த 28 பல்லைப் பற்றித்தான் கவலை. நீங்கள், சைக்கிள், தண்ணீர், சாமான் எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1000 மீட்டர் உயர்த்த சுமார் 830 கிலோஜூல் வேலை செய்தாக வேண்டும். இதில் யாருக்கும் தள்ளுபடி கிடையாது. அதை எத்தனை நேரத்தில் செய்வது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. அதுவும் கியர் இடம் கொடுத்தால்தான். 34க்கு 28 கியரில் நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 10.7 கிலோமீட்டர், 6 சதவீதச் சரிவில் அதற்கு 170 வாட் தேவை. பின்னால் 34 பல் போட்டு அதே 70 சுற்று மிதித்தால் வேகம் 9 கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே இறங்கும், 140 வாட் போதும். வாரம் ஒருநாள் ஓட்டுபவர் 140 வாட்டை இரண்டு மணி நேரம் தாங்கலாம். 170 என்றால் பாதி வளைவு தாண்டும்போதே மிதி கனக்கும், சுற்று ஐம்பதுக்கு இறங்கும், முட்டி பேச ஆரம்பித்துவிடும்.

இவ்வளவு மெதுவாகப் போனால் நேரம் தப்பிவிடாதா என்று தோன்றும். 200 கிலோமீட்டர் பிரெவேக்குக் கெடு பதின்மூன்றரை மணி நேரம். மலைப்பாதை 20 கிலோமீட்டருக்கு மேல். 9 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டரை மணி நேரம் என்று தாராளமாகவே ஒதுக்குங்கள். மிச்சம் 11 மணி நேரம், 180 கிலோமீட்டர். அதை உங்கள் ஞாயிற்றுக்கிழமை வேகமான 20இல் ஓட்டினாலே ஒன்பது மணி நேரத்தில் முடிந்துவிடும். சாப்பாட்டுக்கும் பஞ்சருக்கும் இரண்டு மணி நேரம் கையிருப்பு. ஆக, கெடு உங்களை மலையில் துரத்தவில்லை. முதல் ஐந்து வளைவுகளில் பக்கத்தில் போகிறவரைப் பிடிக்கப் போவதுதான் துரத்தல், அதற்கான விலையை ஐம்பதாவது வளைவில் கொடுக்க வேண்டியிருக்கும். பிரெவே பந்தயம் இல்லை. முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதைதான். இறங்கித் தள்ளிக்கொண்டு போகவும் விதியில் தடை கிடையாது.

பெரிய பல் போடுவது பலவீனர்களின் வேலை என்று சொல்கிறவர்கள் உண்டு. பழைய வீம்பு அது. டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்ச், கியர் மாற்றுவதெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்கு என்று 1902இலேயே எழுதினார். அவருடைய பந்தயம் 1910இல் பிரனே மலையின் உயரக் கணவாய்களுக்குப் போனது. இருந்தும் செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் டீரெயிலர் கியருக்கு 1937 வரை அனுமதி கிடைக்கவில்லை. இன்று தொழில்முறை வீரர்களே செங்குத்தான மலை என்றால் பின்னால் 30, 34 பல் போட்டுத்தான் வருகிறார்கள். மாற்றுவதற்கு முன் உங்கள் டீரெயிலர் 34 பல்லுக்கு எட்டுமா, செயின் நீளம் போதுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, திருச்சியில் மலைக்கு எங்கே போவது? மலை இல்லாவிட்டால் என்ன, ஆடிக்காற்று இருக்கிறதே. சத்திரத்திலிருந்து காவிரியை ஒட்டி மேற்கே குளித்தலை வரை, மணிக்கு 20 கிலோமீட்டர் எதிர்காற்றில் 17 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்தால், நீங்கள் செலவழிப்பது கிட்டத்தட்ட அதே 140 வாட், அதே இரண்டு மணி நேரம். ஆனால் காற்று இடையிடையே தணியும், சரிவு தணியாது. மிதிப்பதை நிறுத்தினால் மலையில் சைக்கிள் மறுநொடியே நின்றுவிடும். அதற்குப் பழக, பிரெவேக்கு முன் இரண்டு முறையாவது துறையூர் வழியாகப் பச்சைமலை போய்வாருங்கள். அங்கே உட்கார்ந்தபடியே, நாலு வார்த்தை பேசக்கூடிய மூச்சில் ஏறிப் பாருங்கள். பேச்சு திணறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உடம்பு எரிக்கும் சக்தியில் கால்பங்குக்கும் குறைவே மிதியில் சேர்வதால், அந்த ஏற்றம் மட்டுமே 850 கலோரியை விழுங்கும். பசிக்கும்வரை காத்திருக்காமல் மணிக்கு இரண்டு வாழைப்பழமோ அதற்கு ஈடாகக் கடலைமிட்டாயோ, கூடவே உப்பு சேர்ந்த தண்ணீரும் உள்ளே போகட்டும். தொட்டியம், முசிறிப் பக்கம் பழத்துக்குப் பஞ்சமா என்ன!

எல்லோரும் மறப்பது இறக்கத்தை. ஏற்றத்தில் சேர்த்த 830 கிலோஜூலையும் இறங்கும்போது எங்காவது கொட்டியாக வேண்டும். வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைப்பதால் அதில் பெரும்பங்கு பிரேக்கில் சூடாகத்தான் போகும். அழுத்தியபடியே இறங்காமல், வளைவுக்கு முன் நேர்ப்பாதையிலேயே இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள். எதிரே ஏறி வரும் பேருந்து முழு வளைவையும் எடுத்துக்கொள்ளும், இடதுபுறம் ஒதுங்கி வழிவிடுங்கள். கேசட் மாற்றுகிற அன்றே பிரேக் கட்டைகளையும் புதிதாகப் போடச் சொல்லிவிடுங்கள்.